ஊரில் ஆசிட் வீச்சு, சிங்கப்பூரில் நாம்: முதல் மணி நேரத்திலிருந்து செய்ய வேண்டியவை

ஊரில் நம் வீட்டுப் பெண் மீது ஆசிட் ஊற்றிவிட்டார்கள் என்று போன் வந்தால், சிங்கப்பூரில் இருக்கிற நமக்கு முதலில் ஓடுவது விமானச் சீட்டு எண்ணம்தான். சீட்டைப் பிறகு பார்க்கலாம். போனை வைக்காமல், பக்கத்தில் நிற்பவர்களைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். என் சித்தி மகளுக்கு இது நடந்தது. தமிழ்நாட்டில் ஒரு சின்ன ஊர். கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை என்று தெரிந்தவனே ஊற்றினான். சித்தப்பா உயிரோடு இல்லை. சித்திக்குக் காவல் நிலையமும் கோர்ட்டும் பழக்கமில்லை. இங்கே வேலைக்கு நடுவில் போனிலும், விடுப்பு கிடைத்தபோது நேரிலும் நான்தான் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதாயிற்று. அவளுக்காகச் சட்டத்தில் எவ்வளவோ எழுதி வைத்திருக்கிறார்கள். நாமாகப் பிரிவு எண்ணைச் சொல்லி, எழுதிக் கேட்டு, ரசீது வாங்காதவரை அதில் ஒன்றும் கைக்கு வராது. இதை எங்களுக்குச் சொல்ல ஓர் ஆள் இல்லை. அந்த ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன். அவள் பெயரையும் ஊரையும் அவள் கேட்டுக்கொண்டபடி விட்டுவிடுகிறேன்.

தண்ணீரை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கழுவி எடுக்கும்வரை ஆசிட் தோலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். குழாய், குடம், பம்ப் செட், எது கிடைத்தாலும் சரி, குறைந்தது 20 நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும். 108 ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை ஊற்றினாலும் நல்லதுதான். ஊற்றுகிறவர் ரப்பர் கையுறையோ, அது இல்லையென்றால் பிளாஸ்டிக் பையோ கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆசிட் பட்ட உடையைத் தலைவழியாக இழுத்தால் முகமெல்லாம் தேய்ந்துவிடும், அதனால் கத்தரியால் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். தோடு, செயின், வளையல் எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்குள் கழற்ற வேண்டும். ஒரு கண்ணில் பட்டிருந்தால் அந்தக் கண் கீழே இருக்கும்படி தலையைச் சாய்த்து, மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீரை ஓடவிட வேண்டும். இல்லையென்றால் நல்ல கண்ணுக்குள்ளும் போய்விடும். மஞ்சள், தேங்காயெண்ணெய், பற்பசை, இங்க் எதுவும் தடவக் கூடாது. சோடா உப்பு ஆசிடை முறித்துவிடும் என்று யாராவது ஓடி வருவார்கள். முறியும்போது கிளம்புகிற சூடு தோலை இன்னும் பொசுக்கும், அதையும் தடுத்துவிடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மோட்டாரைப் போட்டுவிட்டு, குழாயைப் பிடித்தபடி ஆம்புலன்ஸ் வரும்வரை நகரவில்லை. இன்று அவளுக்கு வலது கண்ணில் பார்வை இருப்பது அந்த அக்காவால்தான் என்று டாக்டரே சொன்னார்.

வெட்டி எடுத்த உடையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கண்ணாடி ஜாடியிலோ கனமான பிளாஸ்டிக் டப்பாவிலோ போட்டு மூடி வையுங்கள். எவர்சில்வர் தூக்கு வேண்டாம், ஆசிட் உலோகத்தை அரித்துவிடும். அவன் விட்டுப்போன பாட்டிலையோ மக்கையோ யாரும் தொடாமல் போலீஸ் வந்து எடுக்கட்டும். சுவரிலும் தரையிலும் தெறித்த இடங்களைக் கழுவுவதற்கு முன் போட்டோ எடுத்துவிட வேண்டும். நாற்றம் தாங்காமல் வாசலைக் கழுவிவிடுவது இயல்பு, ஆனால் தடயமும் சேர்ந்து போய்விடும்.

அடுத்தது மருத்துவமனை. "இது போலீஸ் கேஸ், ஜி.எச்.சுக்குக் கொண்டு போங்க" என்று தனியார் மருத்துவமனை வாசலிலேயே சொல்லக் கூடும். அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது. பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய நடைமுறைச் சட்டத்தின் 397ஆம் பிரிவுப்படி, அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் ஆசிட் வீச்சில் காயப்பட்டவருக்கு உடனடியாக, இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ தர வேண்டும். போலீசுக்குத் தகவல் சொல்வதும் அவர்கள் பொறுப்பு. மறுத்தால் பி.என்.எஸ். என்கிற புதிய தண்டனைச் சட்டத்தின் 200ஆம் பிரிவில் மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. லட்சுமி எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 ஏப்ரல் 10 அன்று போட்ட உத்தரவு இதைவிடத் தெளிவானது. தனியார் மருத்துவமனையும் முழுச் சிகிச்சையை இலவசமாகத் தர வேண்டும், மருந்து, சாப்பாடு, படுக்கை, பிறகு வரும் சீரமைப்பு அறுவை எல்லாம் அதில் அடக்கம் என்கிறது அந்த உத்தரவு. முதலில் சேர்த்த மருத்துவமனை, இவர் ஆசிட் வீச்சால் பாதிக்கப்பட்டவர் என்று ஒரு சான்றிதழும் தர வேண்டும்.

இவ்வளவும் இருந்தும் எங்களிடம் 2 லட்சம் ரூபாய் முன்பணம் கேட்டார்கள். அன்றிரவே சிங்கப்பூரிலிருந்து அனுப்பினேன். உள்ளே ஒருத்தி துடித்துக்கொண்டிருக்கும்போது பில் கவுன்டரில் நின்று சட்டம் பேச யாருக்கும் வாய் வராது. அதனால் அந்த வேலையை வெளியிலிருப்பவர் எடுத்துக்கொள்வதுதான் சரி. 15100 என்ற தேசிய சட்ட உதவி எண்ணுக்கு ஊரிலிருக்கும் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளர் ஒரு நீதிபதி. அவர் அலுவலகத்திலிருந்து மருத்துவமனைக்கு ஒரு போன் போனாலே பேச்சு மாறும். அப்படியும் பணம் கேட்டால், கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். சிகிச்சை தர மறுத்தால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டார்கள், ஆனால் கேட்டதும் சேர்த்துக்கொள்வார்கள்.

மருத்துவமனையில் போடும் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவில் பலரும் கோட்டை விடுகிறார்கள். கூட வந்தவர் பதற்றத்தில் சொல்வதை டியூட்டி டாக்டர் ஒரே வரியில் எழுதிக்கொள்வார். குடும்ப மானம் என்று நினைத்து "கை தவறிக் கொட்டிருச்சு" என்று யாராவது சொல்லிவைத்தால், பின்னாளில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்ளும் முதல் காகிதம் அதுதான். எந்த இடம், எத்தனை மணி, தெரிந்த ஆள் ஆசிட் ஊற்றினான் என்பது அந்த வரியில் இருக்க வேண்டும். ஏ.ஆர். காப்பி ஒன்றை வாங்கி, போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பின்னர் வரும் காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை.

இனி காவல் நிலையம். புகார் கொடுத்ததும் ஒரு ரசீது தருவார்கள். பெரும்பாலும் அது சி.எஸ்.ஆர். ரசீதுதான். புகாரை வாங்கிக்கொண்டோம் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. கைது, விசாரணை, இழப்பீடு எல்லாம் எஃப்.ஐ.ஆர். பதிவானால்தான் நகரும். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். நகல் கைக்கு வந்ததும் பிரிவு எண்ணைப் பாருங்கள். பி.என்.எஸ். 124(1) இருக்க வேண்டும். குறைந்தது 10 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள், கூடவே பாதிக்கப்பட்டவரின் மருத்துவச் செலவுக்குத் தகுந்த அபராதம், அந்த அபராதத் தொகையும் அவளுக்கே போக வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஆள் தப்பித்து, சுவரில்தான் பட்டது என்றாலும் 124(2) உண்டு. அதற்கு 5 முதல் 7 ஆண்டு. இதற்குப் பதிலாக 118ஆம் பிரிவை, ஆபத்தான பொருளால் காயம் ஏற்படுத்துதல் என்பதை, மட்டும் போட்டிருந்தால் விட்டுவிடக் கூடாது. அதில் குறைந்தபட்ச தண்டனையும் லேசு, ஆசிட் வீச்சுக்கென்று இருக்கிற உரிமைகளைக் கேட்கவும் சிரமம்.

"இது ஆசிட் இல்லம்மா, பாத்ரூம் கழுவுற லிக்விட்தானே" என்று சித்தியிடம் சொன்னார்கள். அவள் கழுத்துத் தோல் உரிந்து கிடந்தபோது சொன்ன வார்த்தை அது. எனக்கு இன்னும் ஆறவில்லை. 124ஆம் பிரிவின் விளக்கத்தை எடுத்துக் காட்டுங்கள். அமிலத் தன்மையோ அரிக்கும் தன்மையோ எரிக்கும் தன்மையோ கொண்டு, தழும்பையோ உருக்குலைவையோ தற்காலிக ஊனத்தையோ உண்டாக்கக் கூடிய எந்தப் பொருளும் ஆசிட்தான் என்று அதில் இருக்கிறது. காயம் ஆறாததாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறார்கள்.

பாதிக்கப்பட்ட பெண் தானே புகார் சொன்னால் அதைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. மின்னஞ்சல் மாதிரி மின்னணு வழியிலும் கொடுக்கலாம், ஆனால் கொடுத்தவர் 3 நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். அதனால் நாம் இங்கிருந்து அனுப்புவதைவிட, வாசகத்தை நாம் எழுதிக் கொடுத்து, ஊரில் இருப்பவர் பெயரில் அனுப்ப வைப்பதே உதவும். நிலையத்தில் பதிய மறுத்தால் பி.என்.எஸ்.எஸ். 173(4) பிரிவைக் குறிப்பிட்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. ஆசிட் வழக்கைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே பி.என்.எஸ். 199ஆம் பிரிவில் குறைந்தது 6 மாதக் கடுங்காவல் உண்டு. இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டியதில்லை, மனுவில் ஒரு வரியாக எழுதினாலே புரிந்துகொள்வார்கள்.

பழைய எண், புதிய எண் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எங்களுக்கு வாரக்கணக்கில் நேரம் போனது. 2024 ஜூலை 1க்கு முன் நடந்த குற்றமென்றால் இந்திய தண்டனைச் சட்டம் 326ஏ, 326பி. அதற்குப் பிறகு நடந்ததென்றால் 124. உச்ச நீதிமன்ற உத்தரவுகள் எல்லாம் பழைய எண்களில்தான் இருக்கின்றன. "அந்த ஆர்டர் 326ஏ-வுக்கும்மா, உங்க கேஸ் 124 ஆச்சே" என்று ஒரு அலுவலகத்தில் மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். பொதுக் கூற்றுகள் சட்டம், 1897, 8ஆம் பிரிவுப்படி, ஒரு சட்டத்தை நீக்கிப் புதிதாக இயற்றினால் பழைய பிரிவைச் சுட்டுவதெல்லாம் புதிய பிரிவைச் சுட்டுவதாகவே கொள்ள வேண்டும். அந்த ஒரு வரியைச் சேர்த்து மறுபடி கொடுத்ததும் வாங்கிக்கொண்டார்கள்.

அவள் பேசக்கூடிய நிலைக்கு வந்ததும், மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் பதியும்படி விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கேளுங்கள். பி.என்.எஸ்.எஸ். 183(6) பிரிவில் ஆசிட் வழக்குக்கு இது கட்டாயம், முடிந்தவரை பெண் மாஜிஸ்திரேட்டாக இருக்க வேண்டும். தீக்காயத்தில் முதல் வாரம் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவர்கள் கிருமித் தொற்று வந்து சட்டென்று மோசமாகிவிடுவார்கள். காரைக்காலில் 2012 நவம்பரில் ஆசிட் வீசப்பட்ட இளம் பொறியாளர், சென்னையில் சிகிச்சையில் இருந்து 2013 பிப்ரவரியில் இறந்து போனார். இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது, ஆனாலும் வாக்குமூலத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

இழப்பீட்டைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் இழப்பது இங்கேதான். தண்டனை கிடைத்த பிறகுதான் இழப்பீடு என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். தவறு. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் பி.என்.எஸ்.எஸ். 396ஆம் பிரிவில் விண்ணப்பிக்கலாம். 2013 ஜூலை 18 உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி குறைந்தது 3 லட்சம். அதில் 1 லட்சத்தைச் சம்பவம் நடந்த, அல்லது அரசின் கவனத்துக்கு வந்த, 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும், மீதி 2 லட்சத்தை அதன்பின் 2 மாதத்துக்குள். அது அடித்தட்டு வரம்புதான். தேசிய சட்டப்பணிகள் ஆணையம் பெண்களுக்காக 2018இல் கொண்டுவந்த இழப்பீட்டுத் திட்டத்தில் முகம் உருக்குலைந்தால் 7 முதல் 8 லட்சம், காயம் 50 சதவீதத்துக்கு மேல் என்றால் 5 முதல் 8 லட்சம், 50க்குக் கீழே 3 முதல் 5 லட்சம், 20க்குக் கீழே 3 முதல் 4 லட்சம் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். பல இடங்களில் 3 லட்சத்தோடு கணக்கை முடிக்கப் பார்ப்பார்கள். முகம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று மருத்துவச் சான்றில் தெளிவாக எழுதி வாங்கி, 2018 திட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

விண்ணப்பத்தை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அவளே கொடுக்கலாம், குடும்பத்தார் கொடுக்கலாம், காவல் நிலைய ஆய்வாளரும் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். காப்பி, ஆசிட் வீச்சுச் சான்றிதழ், ஆதார், அவள் பெயரிலுள்ள வங்கிப் புத்தகம், போட்டோக்கள் போதும். கொடுத்த பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள், 15 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் பேச முடியும். எங்களுக்கு 15 நாளில் வரவில்லை, பல மாதம் இழுத்தது. உத்தரவின் தேதியைக் குறிப்பிட்டு நினைவூட்டுக் கடிதம் போன பிறகுதான் முதல் லட்சம் வந்தது. இன்னொன்று: திட்டப்படி தொகையில் 75 சதவீதத்தைக் குறைந்தது 3 ஆண்டு வைப்புத்தொகையாகப் போட்டுவிடுவார்கள், 25தான் கைக்கு வரும். அறுவை சிகிச்சைக்கோ படிப்புக்கோ வேண்டுமென்றால் டாக்டரின் மதிப்பீட்டுக் கடிதத்தோடு மனு கொடுத்து முன்பே எடுக்கலாம். அறுவைத் தேதி குறித்த பிறகு ஓடினால் நேரத்துக்குக் கிடைக்காது, டாக்டர் அடுத்த அறுவையைப் பற்றிப் பேசும் அன்றே கடிதம் வாங்கிவிடுங்கள். விண்ணப்பிக்க 3 ஆண்டு வரம்பும் இருக்கிறது. இவை தவிர பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்து கூடுதலாக 1 லட்சம் உண்டு, அதை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாகக் கேட்கலாம்.

எங்களுக்குச் செலவான பணம் சுமார் 14 லட்சம் ரூபாய், இருபதாயிரம் வெள்ளிக்கு மேல். அதில் பெரும்பகுதி, சட்டப்படி நாங்கள் கொடுக்கவே வேண்டியிராத மருத்துவமனைப் பணம். தனியார் வக்கீலுக்கும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போனது. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்ணுக்கு இலவச வக்கீல் உண்டு என்று 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இருக்கிறது. அதை அந்த வக்கீலும் சொல்லவில்லை, கோர்ட்டிலும் யாரும் சொல்லவில்லை. என் சேமிப்பு கரைந்ததைவிட, ஒவ்வொரு தடவை பணம் அனுப்பும்போதும் சித்தி போனில் கூனிக் குறுகிப் பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாங்கிய எல்லா பில்லையும் ஸ்கேன் செய்து வையுங்கள். 124(1) அபராதம் மருத்துவச் செலவை ஒட்டித்தான் கணக்கிடப்படும், பில் இல்லாத செலவைக் கோர்ட்டில் காட்ட முடியாது.

சிங்கப்பூரிலிருந்து செய்யும் வேலைகளில் பவர் பத்திரம் எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். புகாருக்கும் இழப்பீட்டுக்கும் அவள் கையெழுத்தோ கைநாட்டோ போதும், நம் பவர் தேவையில்லை. ஆனால் சிகிச்சைக்காக நம் பெயரிலுள்ள மனையை விற்கவோ அடகு வைக்கவோ வேண்டுமென்றால் பவர் வேண்டும். கிரேஞ்ச் சாலையில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெறலாம். அல்லது நோட்டரி முன் கையெழுத்திட்டு, சிங்கப்பூர் சட்டக் கழகத்தில் (Singapore Academy of Law) அப்போஸ்டில் என்கிற, வெளிநாட்டிலும் செல்லும் சான்று வாங்கலாம், 2021 செப்டம்பரிலிருந்து அந்த வசதி இருக்கிறது. எந்த வழியானாலும், பத்திரம் இந்தியாவுக்குள் போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கோயிலிலோ கடைத் தெருவிலோ பொதுமக்களிடம் நிதி திரட்டலாம் என்று நண்பர்கள் ஆர்வமாகச் சொல்வார்கள். வெளிநாட்டுத் தேவைக்காக இங்கே பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். தெரிந்தவர்கள் தனிப்பட்ட முறையில் கொடுப்பது வேறு. அவள் முகத்தைப் போட்டோவாக வாட்சாப்பில் சுற்ற விடாதீர்கள். அவள் சம்மதித்தாலும், மருந்து மயக்கத்தில் கொடுத்த சம்மதம் அது.

வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும், ஜாமீன் எளிதில் கிடைக்காத குற்றம்தான், ஆனாலும் ஜாமீன் மனு வந்துகொண்டே இருக்கும். நம் வக்கீல் அரசு வழக்கறிஞருக்கு உதவியாக நிற்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். அந்த அனுமதியை முதலிலேயே வாங்கி வைத்தால் ஜாமீன் விசாரணை நமக்குத் தெரியாமல் நடந்து முடியாது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் நமக்குச் சொல்ல வேண்டும் என்றும் பி.என்.எஸ்.எஸ். 193ஆம் பிரிவில் இருக்கிறது. சமாதானம் பேச ஆள் வருவார்கள். ஊர்ப் பெரியவர்கள், சொந்தக்காரர்கள், "அவனையே கட்டி வைச்சிரலாம்" என்று சொல்லும் அளவுக்குக் கூட. மிரட்டல் வந்தால் 2018 சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் மனு கொடுங்கள். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அதைப் பார்க்கும், போலீஸ் தரும் ஆபத்து மதிப்பீட்டு அறிக்கை 5 வேலை நாளில் வர வேண்டும். அந்த மனுவைப் போட்ட பிறகு எங்கள் வாசலில் பைக் நிற்பது நின்றது.

அவன் அந்த பாட்டிலை எந்தக் கேள்வியும் இல்லாமல் கடையில் வாங்கியிருந்தான். 2013 உத்தரவுப்படி சில்லறையில் ஆசிட் விற்பவர் வாங்குகிறவரின் போட்டோ அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், பெயர், முகவரி, அளவு, காரணம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும், 18 வயதுக்குக் கீழ் விற்கவே கூடாது. இருப்பைக் கோட்டாட்சியரிடம் 15 நாளில் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காத இருப்புக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். கடையைப் பற்றிக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் தனி மனு கொடுத்தோம். கொலை வழக்குக்குக் கத்தி எங்கே வாங்கினான் என்று தேடும் போலீஸ், ஆசிடை எங்கே வாங்கினான் என்று கேட்காமல் விடக் கூடாது. அந்தக் கேள்வியை விசாரணை அதிகாரியிடமும் எழுத்தில் வையுங்கள்.

உடம்பு தேறுவது தனி நீண்ட வேலை. தோல் ஒட்டிய பிறகு தழும்பு இறுகிக் கழுத்தைக் கீழே இழுக்கும், இமை மூடாது, வாய் திறக்காது. தழும்பை அமுக்கி வைக்கும் இறுக்கமான அழுத்த உடையை நாளைக்கு 23 மணி நேரம், ஓராண்டும் அதற்கு மேலும் போட வேண்டியிருக்கும். நம்மூர் வெயிலில் அது நரகம், ஆனால் விட்டுவிட்டால் அடுத்த அறுவை கூடும். கண் வறளாமல் சொட்டு மருந்தும் பிசியோதெரபியும் தினசரி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆசிட் வீச்சால் பாதிக்கப்பட்டவர்களும் அடக்கம், அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டுக்கு மாற்றுத்திறனாளி அட்டை வேண்டும், மருத்துவக் குழு முன் போய் வாங்கலாம். வங்கிக் கணக்குத் திறக்கும்போது போனில் கண் சிமிட்டச் சொல்வார்கள், அவளால் முடியாது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே சிக்கலில் தீர்ப்புச் சொல்லி, இப்படிப்பட்டவர்களுக்கு மாற்று வழி வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறது. கிளை மேலாளரிடம் அந்தத் தேதியைச் சொன்னதும் நேரில் சரிபார்த்துக் கணக்கு திறந்தார்கள்.

இங்கே சிங்கப்பூரிலேயே "ஆசிட் ஊத்திருவேன்" என்று மிரட்டல் வாங்கும் பெண்களும் இருக்கிறார்கள். என்னிடமே ஒரு தங்கை அப்படி ஒரு மெசேஜைக் காட்டினாள், சும்மா பேச்சுக்குச் சொல்கிறான் என்றாள். கொடுங்காயம் ஏற்படுத்துவேன் என்று மிரட்டுவதே சிங்கப்பூர் தண்டனைச் சட்டம் 506ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். ஊற்றிக் கொடுங்காயம் ஏற்படுத்தினால் 326ஆம் பிரிவில் ஆயுள் அல்லது 15 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. மெசேஜை அழிக்காமல், எண்ணும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போலீஸ் புகார் செய்யுங்கள். பிறகு 2014 தொல்லையிலிருந்து பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அரசு நீதிமன்றங்களில் பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிக்கலாம். அவசரம் என்றால் எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே விரைவு ஆணை கேட்கலாம். கணவரோ குடும்பத்தாரோ என்றால் மாதர் சாசனத்தின் கீழ் குடும்ப நீதிமன்றத்தில் தனிநபர் பாதுகாப்பு ஆணை. ஊரில் இருப்பது போன்ற அரசு இழப்பீட்டு நிதி இங்கே இல்லை. தண்டிக்கும்போது குற்றவாளி இழப்பீடு தர ஆணையிட வேண்டுமா என்று நீதிமன்றம் பார்க்கும், ஆணையிடவில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும். அதற்கும் பில்கள் வேண்டும், அரசாங்க வழக்கறிஞருக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ஆபத்து கண்ணெதிரில் என்றால் 999. யோசனை கேட்க 1800 777 0000, இரவும் பகலும் எடுப்பார்கள். அந்தத் தங்கையை நான் உடன் அழைத்துப் போய்ப் புகார் கொடுக்க வைத்தேன். அவளுக்குப் பாதுகாப்பு ஆணை கிடைத்துவிட்டது. ஆணையின் நகல் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும், அவன் மீறினால் அதைக் காட்டித்தான் போலீசைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.